ஜெராக்ஸ் மெஷினுக்குள் ஒரு நீதிமன்றமே உட்கார்ந்திருக்கிறது, தெரியுமா?

நகலெடுக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? காப்புரிமை குமாஸ்தா வேலை! நியூயார்க்கில் பி.ஆர். மல்லோரி என்று ஒரு மின்பொருள் கம்பெனி. அதன் காப்புரிமைப் பிரிவில்தான் செஸ்டர் கார்ல்சனுக்குப் பிழைப்பு. 1930களின் நடுப்பகுதி அது. ஒரு காப்புரிமைப் பத்திரத்துக்கு இன்னொரு பிரதி வேண்டுமென்றால் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், அடித்ததை மூலத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். படம் இருந்துவிட்டால் போட்டோஸ்டாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கார்ல்சனுக்குக் கிட்டப்பார்வை, போதாக்குறைக்கு மூட்டுவாதம். பகலில் இந்த வேலை, இரவில் சட்டக் கல்லூரி. எழுதி எழுதி நொந்துபோன மனிதர் பொத்தானை அமுக்கினால் நகல் வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்ததில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் அதற்குப் பிறகு நடந்ததுதான். காப்புரிமை மேசையில் பிறந்த அந்த இயந்திரம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் காப்புரிமை வழக்குகளை விட்டு வெளியே வரவே இல்லை!

1938 அக்டோபர் 22. நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறை. உதவிக்கு ஆஸ்திரியாவிலிருந்து தப்பி வந்த இயற்பியலாளர் ஓட்டோ கோர்னை. ஒரு துத்தநாகத் தகட்டில் கந்தகத்தைப் பூசினார்கள். கைக்குட்டையால் அதைத் தேய்த்து மின்னேற்றினார்கள். கண்ணாடிச் சில்லில் மையால் தேதியையும் ஊர்ப் பெயரையும் எழுதித் தகட்டின் மேல் வைத்து விளக்கைக் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்துபோனது, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கிவிட்டது. மேலே லைகோபோடியம் என்னும் நுண்ணிய வித்துத்தூளைத் தூவி ஊதினால், எழுத்து அப்படியே எழுந்து நின்றது! மெழுகுத்தாளில் ஒற்றியெடுத்தார்கள். உலகின் முதல் உலர் நகல் அது. இதில் முக்கியமான பொருள் எது? கந்தகப் பூச்சு. அன்றைக்கே விஷயம் பூச்சில்தான் இருந்தது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

(தூள் வித்தை அதைவிடப் பழையது. 1777-லேயே ஜெர்மனியில் லிக்டன்பெர்க் என்ற பேராசிரியர் மின்னேறிய பிசின் தட்டில் தூசி நட்சத்திரம் நட்சத்திரமாகப் படிவதைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறார். அதைக் காகிதத்தில் ஒற்றி எடுக்கவும் செய்தார். ஆனால் வெளிச்சத்தை அதோடு கோர்க்க இன்னும் 160 வருடம் தேவைப்பட்டது.)

கார்ல்சனை எத்தனை கம்பெனிகள் திருப்பி அனுப்பின தெரியுமா? இருபதுக்கும் மேல்! ஐ.பி.எம்., ஆர்.சி.ஏ., ஜெனரல் எலெக்ட்ரிக் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கடைசியில் ஒஹையோ மாநிலத்தின் பாட்டல் ஆய்வு நிறுவனம் 1944-இல் கை கொடுத்தது. அப்புறம் ரோச்செஸ்டர் நகரில் போட்டோ காகிதம் விற்றுக்கொண்டிருந்த ஹாலாய்டு என்ற சின்னக் கம்பெனி உரிமம் வாங்கியது. அந்த ஹாலாய்டுதான் பின்னாளில் ஜெராக்ஸ்.

இனி வருவதைக் கேட்டால் மூச்சே நின்றுவிடும். கார்ல்சனின் அடிப்படைக் காப்புரிமை வழங்கப்பட்ட நாள் 1942 அக்டோபர் 6. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஆயுள் 17 வருடம். கணக்குப் போடுங்கள்: 1959 அக்டோபரில் காலாவதி. ஜெராக்ஸ் 914 என்ற, காசை மழையாகக் கொட்டிய இயந்திரம் உலகுக்குக் காட்டப்பட்ட நாள் எது? 1959 செப்டம்பர் 16! மூன்றே வாரம்! மூல யோசனைக்கான காப்பு முடிகிற நேரத்தில்தான் யோசனை சந்தைக்கே வருகிறது. அப்படியானால் அதற்குப் பிறகும் பல வருடம் வேறு யாரும் அந்தப் பக்கம் வர முடியாமல் போனது எப்படி? யோசனையைக் காத்த பத்திரம் போனாலும் பூச்சைக் காத்த பத்திரங்கள் இருந்தன. பாட்டலில் வில்லியம் பிக்ஸ்பி, கந்தகத்துக்குப் பதில் செலீனியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படியவைத்தார். கந்தகத்தைவிடப் பலமடங்கு ஒளியுணர்வு! அந்தப் படலம், அதற்கு மின்னேற்றும் கம்பி, மேலே தூவும் தூள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காப்புரிமை. யோசனை ஊருக்கே பொதுவாகிவிட்டது, மேல்தோல் மட்டும் தனியார் சொத்து. இந்தத் துறையின் மொத்த வழக்கு வரலாறும் இந்த ஒரு வரியில் அடங்கும் என்பது என் கட்சி.

914 பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. எடை சுமார் 294 கிலோ. நியூயார்க் ஹோட்டலில் நடந்த அறிமுக விழாவுக்குக் கொண்டுவந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்று தீப்பிடித்துக்கொண்டது! காகிதத்தில் டோனர் என்னும் அந்தத் தூளை உருக்கி ஒட்டும் சூட்டில் காகிதமே பற்றிக்கொள்ளும் அபாயம் இருந்ததால், ஒரு குட்டித் தீயணைப்பானும் கூடவே வந்தது. அதற்கு விற்பனைப் பிரிவு வைத்த பெயர் ‘கருகல் நீக்கி’. விளம்பரக்காரர்கள் எந்தக் காலத்திலும் விளம்பரக்காரர்கள்தான்.

சரி, வழக்குகள். 1970-இல் ஐ.பி.எம். தன் முதல் நகல் இயந்திரத்தை வெளியிட்டது. செலீனியம் கிடையாது, கரிமப் பொருளால் ஆன ஒளியுணர் படலம். வெளியான கையோடு ஜெராக்ஸ் வழக்குப் போட்டது. எட்டு வருடம் இழுத்து, 1978-இல் ஐ.பி.எம். 2.5 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமானது. கவனியுங்கள், இதே ஐ.பி.எம்.தான் கார்ல்சனை வாசலோடு அனுப்பியது!

அதைவிடப் பெரியது தட்டச்சு இயந்திரக் கம்பெனியான எஸ்.சி.எம். போட்ட வழக்கு. “காப்புரிமைகளை வாரி வாங்கி எங்களை உள்ளேயே விடவில்லை” என்பது புகார். கனெக்டிகட் மாநிலத்தில் ஜூரிகள் உட்கார்ந்து கேட்டார்கள். எத்தனை நாள்? பதினான்கு மாதம்! ஜூரி நிர்ணயித்த நஷ்டத்தை ஏகபோகத் தடைச் சட்டப்படி மூன்றால் பெருக்கினால் 11.13 கோடி டாலர். நீதிபதி ஜான் நியூமன் என்ன செய்தார்? ஒரு காசு தர வேண்டாம் என்றார்! மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1981-இல் அதையே உறுதிசெய்தது. ஜெராக்ஸ் அந்தக் காப்புரிமைகளைப் பாட்டலிடமிருந்து வாங்கியது 1956-இல். அப்போது இப்படி ஒரு சந்தையே பிறக்கவில்லை. பிறக்காத சந்தையை ஒருவர் எப்படி வளைத்துப்போட முடியும்? வாதம் அவ்வளவுதான், அதற்கு 11 கோடி டாலர் மதிப்பு. ஆனாலும் ஜெராக்ஸ் முழுசாகத் தப்பவில்லை. அமெரிக்க வணிக ஆணையத்தோடு 1975-இல் செய்துகொண்ட உடன்பாட்டில், தன் காப்புரிமைகளைப் போட்டியாளர்களுக்குக் கிட்டத்தட்ட இலவச விலையில் திறந்துவிட வேண்டியதாயிற்று.

ஜப்பானின் கேனன் அதுவரை காத்திருந்ததா? இல்லவே இல்லை. ஜெராக்ஸின் காப்புரிமைகளை ஒன்றுவிடாமல் படித்து, எந்த இடத்தில் கால் வைத்தால் யார் நிலத்திலும் மிதிபடாது என்று தேடியது. கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? இன்னொரு பூச்சு! காட்மியம் சல்பைடு படலத்துக்கு மேலே ஒளி ஊடுருவும் காப்புப் படலம் ஒன்றைப் போர்த்தியது. மின்னேற்றுகிற முறையே மாறிவிட்டது. 1968-இல் அறிவிப்பு, 1970-இல் இயந்திரம். மேலே ஒரே ஒரு தோல் கூடுதல், அதிலேயே ஒரு தொழில் சாம்ராஜ்யம்!

இப்போது நம் தெருமுனைக் கடைக்கு வருவோம். பழைய மெஷின் பக்கத்தில் நின்றால் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை அடிக்குமே, ஞாபகமிருக்கிறதா? அது ஓசோன். ஒளியுணர் படலம் பூசிய உருளையான டிரம்முக்கு மின்னேற்ற மெல்லிய கம்பியில் 5,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுவார்கள், சுற்றியுள்ள காற்று சிதைந்து ஓசோன் பிறக்கும். இன்றைய சின்ன லேசர் பிரிண்டர்களில் அந்த வாடை ஏன் பெரும்பாலும் இல்லை? கம்பி போய், டிரம்மைத் தொட்டுக்கொண்டே சுழலும் கறுப்பு ரப்பர் ரோலர் வந்துவிட்டது. விரல் தடிமன்கூட இருக்காது. அதற்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வோல்ட் போதும்.

அந்த ரோலரில்தான் இருக்கிறது சூட்சுமம். செம்பு மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும், சாதாரண ரப்பர் அறவே கடத்தாது. இரண்டின் மின்தடைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒன்றுக்குப் பக்கத்தில் சுமார் 21 சைபர் போட வேண்டும்! இந்த ராட்சத இடைவெளியின் நடுவில் ஏதோ ஒரு குறுகிய பட்டையில் ரோலர் நிற்க வேண்டும். அது மதகு மாதிரி: முழுக்கத் திறந்தாலும் வயல் பாழ், மூடியே கிடந்தாலும் பாழ். ரோலர் அதிகம் கடத்தினால், டிரம்மின் மேல் ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தாலும் அத்தனை மின்சாரமும் அதன் வழியே பாய்ந்து, அந்த வரிசை முழுக்க மின்னேறாமல் போய், பக்கத்தின் குறுக்கே கோடு விழும். கடத்துவது குறைந்தால் டிரம் சரியாக மின்னேறாது, வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்துவிடும். இந்த நடுவாந்தரப் பொருளைத்தான் காப்புரிமைப் பத்திரங்கள் அரைக்கடத்திப் பாகம் என்கின்றன. கம்ப்யூட்டர் சிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ரோலர் டிரம்மைத் தொட்டாலும், மின்னூட்டம் தொடும் இடத்தில் கடப்பதில்லை! தொடும் இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மயிரிழைக்கும் மெல்லிய காற்று இடைவெளியில், கண்ணுக்குத் தெரியாத குட்டி மின்னல்கள் தாவுகின்றன. இடைவெளி எவ்வளவு, எத்தனை வோல்ட்டில் காற்று உடையும் என்று ஃப்ரீட்ரிஷ் பாஷன் 1889-லேயே அளந்து சொல்லிவிட்டார். சாதாரணக் காற்றில் சுமார் 330 வோல்ட்டுக்குக் கீழே எந்த இடைவெளியிலும் பொறி தாவாது. நீங்கள் ரேஷன் கார்டை நகலெடுக்கும்போதெல்லாம் உள்ளே மின்னல் வெட்டிக்கொண்டிருக்கிறது ஐயா!

ரப்பரை அரைகுறையாகக் கடத்தவைப்பது எப்படி? கரித்தூளைக் கலக்கலாம். இங்கே இயற்கை ஒரு விளையாட்டு காட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால் ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. ஒரு கட்டத்தில் கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாகும். உடனே மின்தடை ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு என்று சரிந்துவிடும். அந்தச் சரிவின் நடுவில் நிறுத்துவது சாமானியமா? ஒரே தொட்டியில் கலந்த ரப்பரில்கூட ஒரு ரோலர் ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி வரும். கரிக்குப் பதில் உப்பு போன்ற அயனிப் பொருளைக் கலந்தால் சீராக வரும், ஆனால் காற்றின் ஈரம் கூடினால் ஒரு குணம், காய்ந்தால் வேறு குணம்.

ஆகவேதான் மேலே ஒரு கோட்டிங்! சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை தடிமன். கோட்டிங் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ரப்பரில் உள்ள எண்ணெய்ப்பசை மெல்லக் கசியும். பெட்டியில் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் கார்ட்ரிட்ஜில், ரோலர் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் டிரம் கெட்டுப்போகும். டோனர் துகளும் ரப்பரில் அப்பிக்கொள்ளும். துகள் ஒவ்வொன்றும் 5 முதல் 10 மைக்ரான்தான், கழுவித் துடைக்கிற கதையே இல்லை.

இதில் மெக்கானிக்குகளின் ஒரு துப்பறியும் கலை உண்டு. நகலில் ஒரே கறை திரும்பத் திரும்ப விழுகிறதா? உடனே ஸ்கேலை எடுத்து இரண்டு கறைக்கு நடுவே அளப்பார்கள். பல பிரிண்டர்களில் 38 மில்லிமீட்டர் வந்தால் மின்னேற்றும் ரோலர், 75 அல்லது 94 வந்தால் டிரம்! 38 என்பது ரோலர் ஒரு சுற்று சுற்றும் தூரம். 12 மில்லிமீட்டர் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கிப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பை வீண்போகவில்லை.

இந்தப் பூச்சுக்காகவா வழக்குப் போட்டு மேல்முறையீடு வரை போகிறார்கள்? ஆமாம்! இத்தகைய காப்புரிமைக் கோரிக்கைகளில் பெரும்பாலும் எண்கள்தான் இருக்கும். மின்தடை இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை, தடிமன் இத்தனை மைக்ரான், கரி இத்தனை சதவீதம். எதிராளி என்ன செய்வார்? உலகத்தின் பழைய பத்திரங்களையெல்லாம் தோண்டி, அந்த எல்லைக்குள் விழுகிற ஒரே ஒரு பழைய ரோலரைக் கண்டுபிடித்தால் போதும், கோரிக்கை புதுமை இழந்தது! அது கிடைக்காவிட்டால் அடுத்த அஸ்திரம்: “அளந்தது எப்படி?” நூறு வோல்ட் கொடுத்தா, ஆயிரம் வோல்ட்டா? காற்றில் ஈரம் எவ்வளவு? இந்த ரப்பரில் வோல்ட் மாறினால் மின்தடையே மாறும். அளக்கும் முறையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டிருந்தால், எல்லைக்குள் இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று யாருக்கும் தெரியாது, எதிராளிக்குக் கொண்டாட்டம். சிலசமயம் வேதியியலே வக்கீலுக்கு வேலை கொடுக்கும். லெக்ஸ்மார்க் 1990களில் காப்புரிமை பெற்ற ஒரு பாலியுரேத்தேன் ரோலருக்கு மேலே எதையும் பூசுவதே இல்லை. அடுப்பில் மணிக்கணக்காகச் சுட்டால் அதன் வெளிப்புறம் தானாகவே ஆக்சிஜனேறி, மின்தடை கூடிய ஒரு தோலாகிவிடும். ரொட்டி மாதிரி வெந்த அந்தத் தோல் பூச்சா, ரப்பரா? நல்ல வக்கீல் இரண்டு பக்கமும் வாதாடுவார். எனக்கென்னவோ இந்த மாதிரிக் கேள்விகள் சினிமா கோர்ட் காட்சிகளைவிடச் சுவாரசியமாகப் படுகின்றன.

மின்னேற்றும் பாகம், டிரம், டோனர் மூன்றையும் ஒரே டப்பாவில் அடைத்து, தீர்ந்ததும் தூக்கிப்போடும் கார்ட்ரிட்ஜாக 1982-இல் கேனன் கொண்டுவந்தது. அந்த டப்பாதான் அடுத்த யுத்தகளம். தீர்ந்த டப்பாவில் மறுபடி டோனர் நிரப்பி விற்கலாமா, ஒரு டப்பாவைப் பார்த்து இன்னொன்று செய்யலாமா? நாட்டுக்கு நாடு வேறு வேறு பதில்!

ஹாங்காங்கில் கேனனின் கார்ட்ரிட்ஜைப் போலச் செய்து விற்ற கம்பெனிமீது, பாகங்களின் வரைபடத்துக்கான பதிப்புரிமையைக் காட்டி வழக்கு நடந்தது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1997 ஏப்ரல் 30 அன்று கேனனுக்குச் சாதகமாக முடிந்தது. சரியாக இரண்டு மாதத்தில் ஹாங்காங்கே சீனாவின் கைக்குப் போய்விட்டது! வண்டியின் புகைபோக்கிக் குழாயை வெளியே செய்து விற்கலாம் என்று 1986-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை சொல்லியிருந்ததே, அது இதற்குப் பொருந்தாதா? பொருந்தாது என்றார் லார்ட் ஹோஃப்மன். குழாய் மாற்றுவது பழுதுபார்ப்பு, டோனர் டப்பா மாற்றுவது வழக்கமான செலவு.

ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2007 நவம்பரில் மைத் தொட்டி வழக்கு ஒன்றில் இன்னும் கறார். காலி டப்பாவைக் கழுவி மை நிரப்பியது புதிதாகத் தயாரித்ததற்குச் சமம் என்று தடை போட்டது. அமெரிக்கா? நேர் எதிர்! லெக்ஸ்மார்க் சில கார்ட்ரிட்ஜ்களைச் சுமார் 20 சதவீதம் தள்ளுபடியில் விற்றது, காலியானதும் எங்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேற்கு வர்ஜீனியாவின் இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி, அப்படிக் காலியானதை நிரப்பி விற்றுப் பிடிபட்டது. காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வில் 2016-இல் பத்துக்கு இரண்டு என்று தோல்வி. ஆனாலும் விடவில்லை! 2017 மே 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் தலைகீழாக்கியது: விற்ற பொருளோடு காப்புரிமையும் தீர்ந்தது. இதற்குத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் துணைக்கு அழைத்தது யாரை தெரியுமா? 1628-இல் எழுதிய எட்வர்ட் கோக் என்ற ஆங்கிலேய நீதிமானை! லேசர் பிரிண்டர் வழக்கில் 17-ஆம் நூற்றாண்டுச் சாட்சி!

அதே வருடம் அக்டோபரில் ஜெர்மன் உச்ச நீதிமன்றத்திலும் கேனன் தோற்றது. கார்ட்ரிட்ஜில் டிரம்மை மாற்றிப் போட்டது புதுத் தயாரிப்பு ஆகாது என்றது கார்ல்ஸ்ரூஹே நகரிலுள்ள அந்த நீதிமன்றம். விசித்திரம் என்னவென்றால், அந்த டிரம் முனையில் உள்ள, சாய்ந்து நிமிரும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் இணைப்பியைக் காட்டித்தான் கேனன் 2015-இல் அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணையத்திடம் பொதுத் தடை வாங்கியிருந்தது. மீறிச் செய்த கார்ட்ரிட்ஜ் எந்தக் கம்பெனியுடையதானாலும் துறைமுகத்திலேயே நிறுத்தலாம்!

இத்தகைய சண்டைகளின் மேல்முறையீடுகள் எங்கெங்கே போய் நிற்கின்றன பாருங்கள். அமெரிக்காவில் என்றால் வாஷிங்டன். ஐரோப்பியக் காப்புரிமை என்றால் மியூனிக் வட்டாரம். 2017-இல் மேல்முறையீட்டு வாரியங்கள் பக்கத்திலுள்ள ஹார் என்ற சிற்றூருக்குக் குடிபோயின. இந்தியாவில் என்றால்? அட, நம்ம சென்னைதான்! அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. 2007 முதல் நாட்டின் காப்புரிமை மேல்முறையீடுகளும் அதன் கையில். 2021-இல் அதைக் கலைத்து வேலையை உயர் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஏதோ ஒரு ஜப்பான் கம்பெனியின் ரோலர் பூச்சு ‘புதுமையில்லை’ என்று கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் நிராகரிக்கப்பட்டால், அடுத்த நிறுத்தம் பாரிமுனை!